சூரத் ஆக்ஸிண்டன் கல்லறை மாடம்: உள்ளே யார், ஏன் தர்கா போல் இருக்கிறது, சிமென்ட் பூசினால் என்ன ஆகும்

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. சூரத்தில் கதர்காம் தர்வாஜா பக்கம் உள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில், இரண்டடுக்குக் கும்மட்டத்தோடு தர்கா மாதிரி நிற்கும் கட்டடத்தில் இருப்பது யார்? வெள்ளைக்காரர்களுக்கு எதற்கு இந்தப் பாணி? காரை உதிர்ந்து கிடக்கிறதே, கொஞ்சம் சிமென்ட் பூசினால் தீராதா? முதல் இரண்டுக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. மூன்றாவதற்குக் கொத்தனார் வேலை தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள் என்பதால் அதைச் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பவர்கள் இருவர், சகோதரர்கள். கிறிஸ்டோபர் ஆக்ஸிண்டன் 1659 ஏப்ரலில் இறந்தார். சர் ஜார்ஜ் ஆக்ஸிண்டன் 1669 ஜூலை 14 அன்று. ஜார்ஜ் 1662 முதல் சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர். 1664 ஜனவரியில் சிவாஜியின் படை சூரத்தைச் சூறையாடியபோது, நகரத்துப் பணக்காரர்கள் பலர் ஓடி ஒளிய, கம்பெனியின் பண்டகசாலையை விடாமல் காத்தவர் என்று பெயர் வாங்கினார். அவுரங்கசீப் அதற்காகச் சுங்கத்தில் சலுகை கொடுத்தார். 1668-ல் இங்கிலாந்து அரசர் பம்பாயை ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தபோது, அந்தத் தீவும் இவர் பொறுப்பிலேயே வந்தது. பம்பாயைச் சூரத்திலிருந்து ஆண்ட காலம் அது. கம்பெனியின் தலைமையிடம் பம்பாய்க்கு மாறியது 1687-ல்தான்.

முதலில் கிறிஸ்டோபருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. பத்து ஆண்டு கழித்து ஜார்ஜ் போனதும் அந்த இடமே இருவருக்குமான பெரிய மாடமாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அளந்தவர்கள் உயரம் 40 அடி, குறுக்களவு 25 அடி என்று குறித்திருக்கிறார்கள். கனத்த தூண்கள், அவற்றின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கும்மட்டங்கள், சுற்றிலும் நடைமாடம், மேலே போகப் படிக்கட்டு. மேல் கும்மட்டம் மூடியதல்ல. நான்கு கைகளும் விரிந்த மால்டாச் சிலுவையின் வடிவில், கட்டுமான எலும்புக்கூடு போலத் திறந்திருக்கும். கட்டடத்தில் கிறிஸ்தவ அடையாளம் வெளிப்படையாகத் தெரிவது அங்கேதான். அண்ணாந்து பார்க்காதவர்கள் அதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

கிறிஸ்டோபரின் லத்தீன் கல்வெட்டு தனிச் சுவை. வியாபாரிக்கு வியாபாரிகள் எழுதியது. அதன் சாரம் இது: தன் கணக்கில் அவரால் நாட்களைத்தான் எழுத முடிந்தது, ஆண்டுகளை அல்ல, அதற்குள் மரணம் கணக்கை முடிக்கக் கூப்பிட்டுவிட்டது. எஜமானர்களே, லாபம் என்ன, நஷ்டம் என்ன என்றா கேட்கிறீர்கள்? உங்களுக்குப் போனது ஓர் ஊழியர், எங்களுக்கு ஒரு தோழர், அவருக்கு உயிர். ஆனால் ஏட்டின் எதிர்ப்பக்கத்தில் அவர் எழுதிக்கொள்ளலாம், ‘சாவு எனக்கு ஆதாயம்’ என்று. கடைசி வரி வேதாகமத்தில் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்திலிருந்து வருகிறது. பற்று வரவுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் கல்லறையில் வைத்த இந்தக் கல்வெட்டுக்காகவே சூரத் போகலாம்.

இனி ஏன் இந்தப் பாணி என்பது. சூரத் அப்போது முகலாயர்களின் முதன்மைத் துறைமுகம், மக்காவுக்குக் கப்பல் ஏறும் இடம். அங்கே ஒருவர் பெரிய மனிதர் என்று காட்ட ஊருக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான்: கும்மட்டம் வைத்த கல்லறை. ஐரோப்பாவிலிருந்து சிற்பியும் வரவில்லை, பளிங்கும் வரவில்லை. கட்டியவர்கள் குஜராத்துக் கொத்தனார்கள். சதுர அறையின் மேல் வட்டக் கும்மட்டத்தை உட்காரவைக்க மூலைகளில் வளைவு திருப்புவது, தூண்வரிசைக்கு மேல் கைப்பிடிச்சுவர் எழுப்புவது, விளிம்பில் சிறு கோபுரங்கள் வைப்பது எல்லாம் அவர்களுக்கு மசூதியிலும் தர்காவிலும் பழகிப்போன கைவேலை. செங்கல்லும் சுண்ணாம்பும் அவர்கள் சரக்கு. ஆகவே மாடத்தைக் கலப்புப் பாணி என்று சொல்வதைவிட, குஜராத்துக் கட்டடத்தில் லத்தீன் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள் என்று சொல்வதே சரி என்பேன்.

இரண்டாவது காரணம் போட்டி. டச்சுக்காரர்கள் 1616-லிருந்து சூரத்தில் இருந்தார்கள், அவர்களுக்கும் தனிக் கல்லறைத் தோட்டம். 1690-களில் சூரத்தில் இருந்த ஆங்கிலப் பாதிரியார் ஓவிங்டன், இரு தரப்பும் கல்லறை ஆடம்பரத்தில் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கிறார்கள் என்று எழுதிவைத்தார். டச்சுத் தளபதி ஒருவர், தான் போனபிறகு நண்பர்கள் வந்து குடித்து மகிழட்டும் என்று, கல்லறை உச்சியில் மூன்று பெரிய மதுக் கிண்ணங்களைக் கட்டவைத்தாராம். வந்தவர்கள் அவரை நினைத்து நினைத்துத் தங்களையே மறந்துவிடுவார்கள் என்று பாதிரியாரே கேலி செய்கிறார்.

போட்டியில் டச்சுக்காரர்கள் வைத்த துருப்புச்சீட்டு ஹென்ட்ரிக் அட்ரியான் வான் ரீடின் மாடம். மலபார் மூலிகைகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் (1678–1693) படத்தோடு தொகுத்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ இவர் பொறுப்பில் வந்தது. அதற்கு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவு அடித்தளம். தமிழர்களுக்கு இவர் வேறு வகையிலும் வேண்டியவர்: சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது இவர் ஆணையால்தான். 1684-ல் டச்சுக் கம்பெனி இவரை ஆணையராக அனுப்பியதே ஊழியர்களின் ஊழலையும் வீண்செலவையும் ஒழிக்க. 1691 டிசம்பர் 15 அன்று, கொச்சியிலிருந்து சூரத்துக்குக் கப்பலில் வரும் வழியில் இறந்தார். சிக்கனம் பார்க்க வந்தவருக்கு எழுந்தது அந்தத் தோட்டத்திலேயே அதிகச் செலவு பிடித்த கட்டடம்: மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு நடைமாடம், பெரிய கும்மட்டம், உள்சுவரில் வண்ண ஓவியங்கள், குலச்சின்னங்கள், வேதாகம வாசகங்கள், ஜன்னல்களில் மரச் செதுக்கு. ஓவியமும் மரவேலையும் இன்று இல்லை. கட்டடத்தின் உடல் நிற்கிறது.

பழவேற்காட்டுக் கல்லறைகளைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு சட்டென்று படும். அங்கே கலை முழுதும் படுக்கைக் கல்லின் செதுக்கில் இருக்கிறது, வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சூரத்தில் கல்வேலை குறைவு. அழகெல்லாம் செங்கல்லிலும் அதன்மேல் இழைத்த சுண்ணக் காரையிலும்தான். கல் மழையைத் தாங்கும், காரை மராமத்து இல்லாமல் தாங்காது. கேள்வியின் மூன்றாம் பகுதி இங்கேதான் வருகிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் தோட்டமும் டச்சு, ஆர்மீனியர் தோட்டமும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பழைய சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பொருந்தும். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு பூசிய சிமென்டும் சேதக் கணக்கில்தான் சேரும். எனவே கீழே சொல்வது சூரத்தில் போய்ச் செய்வதற்கல்ல. இதே செங்கல்–சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்த, பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத பழைய கல்லறை மாடம் உங்கள் சபை அல்லது குடும்பத்தின் பொறுப்பில் இருந்தால், அதற்கு.

பழைய செங்கல் சுவர் நீரை உறிஞ்சும், பிறகு காற்றில் விடும். சுண்ணக் காரை அதற்கு வழிவிடுகிறது. சிமென்ட் பூச்சு வழியை அடைக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் கும்மட்டத்து வெடிப்பில் இறங்கும் மழையும் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஈரத்தோடு கரைந்து வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி ஊதும். செங்கல்லின் முகம் மாவாக உதிரும். சில மழைக்காலங்களில் சிமென்ட் பலகை பலகையாக விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சிமென்டிலேயே கரையும் உப்புகள் வேறு உண்டு. கடினத்திலும் பொருத்தம் இல்லை: பழைய சுவர் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும், மென்மையான சுண்ணச் சாந்து கூடவே நெளியும், சிமென்ட் நெளியாது, செங்கல் உடையும். எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் எப்போதும் சாந்துதான் விட்டுக்கொடுக்க வேண்டும், செங்கல் அல்ல. பிளாஸ்டிக் சேர்ந்த வெளிப்புற எமல்ஷன் பெயின்டும் இதே கெடுதலைச் செய்யும், சற்று மெதுவாக.

ஆகவே வேலை வரிசை முக்கியம். காரையில் தொடங்கவே கூடாது. முதலில் தண்ணீர், பிறகு செடி, பிறகு விரிசல், கடைசியில்தான் பூச்சு.

தண்ணீர் என்றால், மேலே கும்மட்டத்து வெடிப்பும் நடைமாடத் தளத்தின் தூம்பு வாய்களும், கீழே அடிவாரமும். தூம்பு வாயில் புறாவின் எச்சமும் இலையும் அடைத்தால் ஒரே மழையில் தளத்தில் நீர் தேங்கும், அது கீழ்க் கும்மட்டத்தின் தோளில் இறங்கும். உள்ளே கும்மட்டத்தின் அடிவளையத்தில் வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் அடைந்த தூம்புதான், விரிசல் இல்லை. அடிவாரத்தில், பல ஆண்டு மண்ணும் சருகும் சேர்ந்து தரைமட்டம் உயர்ந்திருக்கும். பழைய பீடத்தின் விளிம்பு தெரியும் வரை மண்ணை எடுத்து, சுவரிலிருந்து வெளியே சரிவு கொடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் தோண்டுவது என்பதால் கைக்கரண்டியோடு, ஆழம் போகாமல். சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டால் தரையின் ஈரம் முழுதும் சுவரின் வழியாகவே ஏறும். அதைச் செய்யாதீர்கள்.

செடியில் அரசுதான் முதல் எதிரி, ஆலும் அத்தியும் அடுத்து. பறவை எச்சத்தில் விதை வந்து இணைப்பில் முளைக்கிறது. விரல் தடிமனுக்கு வளரும் முன் கையால் பிடுங்கலாம். அதற்கு மேல் போனால் இழுக்கவே கூடாது, வேரோடு செங்கல் வரிசையே கழன்று வரும். வெறுமே வெட்டினால் இரண்டே மாதத்தில் நான்கு கிளையாகத் துளிர்க்கும், வேர் மேலும் தடிக்கும். தண்டைச் சில சென்டிமீட்டர் விட்டு வெட்டி, வெட்டுமுகம் காய்வதற்குள், அதாவது ஐந்து நிமிடத்துக்குள், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக் கரைசலைத் தூரிகையால் தடவ வேண்டும். தடித்த கட்டையானால் துளை போட்டு நிரப்ப வேண்டும். கையுறை போட்டு, காரையில் சிந்தாமல். வேர் சாகச் சில மாதம் ஆகும். செத்த பிறகு, பெயர்ந்த செங்கற்களுக்கு எண் எழுதி, படம் எடுத்து, கழற்றி, வேரை எடுத்துவிட்டு அதே இடத்தில் வைத்துக் கட்டலாம். உள்ளே போய்விட்ட மெல்லிய வேர்களைத் தேடிச் சுவரைக் குடைய வேண்டாம், குழியைச் சாந்தால் நிரப்பினால் போதும்.

விரிசலைப் பார்த்ததும் அடைக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். உயிருள்ள விரிசலா, என்றோ நின்றுபோனதா என்று தெரிய வேண்டும். நுண்ணோக்கியில் வைக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் ஜிப்சக் குழைவால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். காரையின் மேல் ஒட்டினால் காரை நகர்வதைத்தான் காட்டும், எனவே செங்கல்லைத் தொட்டு ஒட்டுவது அவசியம். ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்து கண்ணாடி உடையவில்லை என்றால் விரிசல் தூங்குகிறது, நிரப்பலாம். உடைந்தால் அடித்தளத்திலோ கும்மட்டத்தின் பக்க உந்தலிலோ கோளாறு. அங்கே பழைய கட்டடம் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும். தாபி ஆற்றங்கரையில் உள்ள சூரத் போன்ற ஊர்களில் வெள்ளம் வந்துபோன ஆண்டில் மண் அமுங்குவது சாதாரணம், அந்த ஓர் ஆண்டின் நகர்வை வைத்து முடிவுகட்டக் கூடாது.

நிரப்பும் முறை: விரிசலில் 30 முதல் 50 சென்டிமீட்டருக்கு ஒரு குழாய்முனை பதித்து, இடையில் சாந்தால் அடைத்து, முதலில் சுத்தத் தண்ணீர் விட்டுத் தூசி கழுவ வேண்டும். பிறகு சலித்த சுண்ணாம்பும் நன்றாக அரைத்த செங்கல் தூளும் சேர்ந்த கூழ், கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி, வெறும் உயர வித்தியாசத்தின் அழுத்தத்திலேயே. அடுத்த முனையில் கூழ் எட்டிப் பார்த்ததும் கீழ்முனையை அடைத்துவிட்டு மேலே போக வேண்டும். அழுத்த எந்திரம் வைத்தால் பழைய காரை வயிறு வீங்கி விழும்.

இப்போதுதான் பூச்சு. சுண்ணாம்பை நீற்றி, நீருக்கடியில் குறைந்தது ஒரு மாதம் ஊறவைக்க வேண்டும், மூன்று மாதமானால் இன்னும் நல்லது. நீறாத கட்டி ஒன்று உள்ளே போனால், அது சுவரில் இருந்துகொண்டே நீறி, அம்மைக் கொப்புளம் மாதிரி பூச்சை வெடிக்கவைக்கும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு விழுது, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு கழுவிய கரடு மணல் என்று தொடங்கி, பழைய காரையை உடைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லின் தூள்தான் சுண்ணாம்போடு வேலை செய்யும். கருகிய செங்கல் தூள் வெறும் மணல்தான். மேல்பூச்சுக்கு விழுதும் நுண்மணலும் சமபங்கு. கடற்கரை மணல் எந்த நிலையிலும் கூடாது, உப்பை நாமே கொண்டுபோய் வைத்தது ஆகும்.

சுவரை முந்தின நாளே நனைத்து, பூசும் காலையில் மறுபடி நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு ஒரு மாதத்தில் விரல் பட்டால் மாவாகும். ஒரு கை, அதாவது ஒரு தடவைப் பூச்சு, 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெருவிரல் நகம் லேசாகத் தடம் பதிக்கும் இறுக்கம் வந்தபின் கீறிவிட்டு அடுத்த கை. ஈரச் சாக்குத் தொங்கவிட்டு இரண்டு வாரமாவது காப்பாற்றுங்கள். மழைக்காலமும் சித்திரை வெயிலும் இதற்கு ஆகாது. மழை ஓய்ந்தபின் மாசி வரைக்கும்தான் காலம். ஒப்பந்தக்காரர் நிதியாண்டு முடிவதற்குள் என்று மார்ச் கடைசியில் ஆள் கூட்டினால் சம்மதிக்காதீர்கள், வெடிப்பு நிச்சயம்.

முன்பே சிமென்ட் பூசிவிட்டார்கள் என்றால், வெட்டுச் சக்கரம் வைக்காமல் உளியாலும் சிறு சுத்தியலாலும் எடுக்க வேண்டும். தட்டினால் பொள்ளல் ஓசை வரும் இடம் தானாகவே வரும், அங்கே தொடங்குங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை அப்படியே விடுவது சில சமயம் சிறிய கெடுதல். எடுத்த பிறகு உடனே பூசாமல் சுவரை ஒரு கோடை முழுதும் மூச்சுவிட விடுங்கள். உப்பு வெளியே பூத்தால் உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளுங்கள், தண்ணீரால் கழுவினால் மறுபடி உள்ளேதான் போகும். மிகுந்த உப்புக்குக் காகிதக் கூழும் வெண்களிமண்ணும் உப்பு நீங்கிய நீரில் குழைத்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அப்பி, தானே காய்ந்து உதிரும்வரை விட்டு, மறுபடி செய்யலாம். ஈரம் வரும் வழியை அடைக்காமல் இதைச் செய்வது வீண்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், மழைக்குப் பின் உடனே புதர் மண்டியிருக்கும். கல்வெட்டு படிக்கக் காலைச் சாய்வெயில், இல்லாவிட்டால் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்த டார்ச். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்கட்டியோ மாவோ தடவாதீர்கள். முக்காலி வைத்துப் படம் எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், கைபேசிக்கு வேண்டாம். படிக்கட்டு பூட்டியிருந்தால் சுவரேறி மேலே போகவும் வேண்டாம், அந்தக் காரைக்கு உங்கள் எடை பழக்கமில்லை. முப்பரிமாணப் பதிவு வேண்டுமானால் கட்டடத்தை ஒரே தூரத்தில் சுற்றி வந்து, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் முக்கால் பங்கு வரும்படி எடுத்து, கும்மட்டத்துக்காக இன்னொரு சுற்று சற்றுத் தொலைவிலிருந்து. அளவுகோலாக ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் வைக்க மறந்தால் பின்னால் எந்த அளவும் எடுக்க முடியாது.